ஏழரை சதவீத வட்டி

பாப்பா அப்பாவுக்கு அன்பு வணக்கம். உங்கள் இருமல் நின்றதா? நான் நலம்.

ஒரு வேடிக்கை. அறைத்தோழிக்கு வட்டிக் கணக்கு சொல்லித்தர நம் டெபாசிட்டையே எடுத்துக்கொண்டேன். ஒரு வருடத்துக்கு ஆறு சதவீதம், ஐந்து வருடத்துக்கு எட்டு. நாம் பேசியபடி பாதிப் பாதியாகப் போட்டால் சராசரி ஏழு. நீங்கள் எழுதியிருப்பது ஏழரை. அப்படியானால் முக்கால் பங்கு ஐந்து வருடத்தில் இருக்கிறது.

"உன் வீட்டுக்காரர் கெட்டிக்காரர்டி!" என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அடுத்த வருடம் நான் திரும்பிவந்து கடை தொடங்கத்தானே அந்த ஒரு வருடப் பாதி?

ஐந்து வருடத்தில் கூடுதலாகப் போட்டதை முன்கூட்டியே எடுத்தால் வட்டி குறையுமாம். குறையட்டும், எடுத்துவிடுங்களேன். மனமில்லையென்றால் தடித்த போர்வை ஒன்று அனுப்புங்கள். அடுத்த குளிருக்குள் வீட்டுக்கு வரப்போகிறேனே என்று இங்கே வாங்காமலிருந்தேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள்
கணக்குப் பைத்தியம்