மணியை அணைக்கிற கை

மார்ச் 3, செவ்வாய்

கடையில் இன்று பதினொரு பேருக்குக் கண் பார்த்தேன். கடைசியாக வந்த அம்மா ஒன்பது கண்ணாடிச் சட்டங்களை மாட்டிப் பார்த்துவிட்டு, முதலில் மாட்டியதையே வாங்கிக்கொண்டு போனார். கால் கடுத்துப்போய் வீட்டுக்கு வந்தால், அத்தை கையில் ஒரு விளம்பரத் தாள். வயதானவர்கள் தங்குகிற இடமாம். தனி அறை, கூடமாட உதவிக்கு ஆட்கள், எந்நேரமும் நர்ஸ்.

"ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வருவோமா?" என்றார். கடைவீதிக்குப் போகலாமா என்று கேட்கிற குரல்.

நான் தாளை வாங்கி மின்கட்டண ரசீதுக்கு அடியில் வைத்தேன். அத்தை அதை எடுத்து மேலே வைத்தார்.

மூன்று வாரம்தான் ஆகிறது. குளியலறையில் வழுக்கி விழுந்தவர், நான் கடையிலிருந்து வரும்வரை மூன்றேகால் மணி நேரம் தரையிலேயே கிடந்தார். எலும்பு தப்பியது கடவுள் புண்ணியம். பதறிப்போய்த் தூக்கி உட்கார வைத்தேன். அவரோ, "நாடி எண்பத்தெட்டுதான். பயப்படாத" என்றார். கிடந்த கிடையில் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்திருக்கிறார். நாற்பது வருடம் மருத்துவமனையில் வேலை, அதில் கடைசிப் பதினாறு வருடம் ஒரு பெரிய வார்டுக்கே தலைமை நர்ஸ். வேறு எப்படி இருப்பார்?

அவர் கழுத்தில் ஒரு அழைப்பு மணி மாட்டிவிட்டிருந்தேன். ஒரு பொத்தானை அழுத்தினால் எதிர்வீட்டு ஆசிரியை வீட்டில் அலறும், அதிலேயே இருக்கிற இன்னொன்றை அழுத்தினால்தான் நிற்கும். அன்றைக்கு அழுத்தினேன் என்கிறார் அத்தை. யாரும் வராததால் மறுபடி அழுத்தவில்லையாம். "ஒரு தடவை கூவுச்சு, உடனே நின்னுடுச்சு. சும்மா அழுத்திப் பாத்தாங்கன்னு நெனச்சேன்" என்கிறார் ஆசிரியை. நான்கு எட்டு எடுத்து வைத்து வந்து பார்த்தால் என்ன குறைந்துபோகும்? அன்றிலிருந்து அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

மார்ச் 4, புதன்

நாத்தனார் தொலைபேசியில்: "நீங்க என்ன முடிவு பண்ணாலும் சரி அண்ணி." எல்லாரும் இப்படியே சொல்லி என் தலையில் கட்டுங்கள்.

மார்ச் 8, ஞாயிறு

முதல் இடம் பார்த்தாயிற்று. வாசலில் பூந்தொட்டி, வரவேற்பறையில் சோபா, சுவரில் சிரிக்கிற வயதானவர்களின் படம். எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. நான் ஏமாறுகிறவள். அத்தை ஒரு கையில் ஊன்றுகோலும் இன்னொரு கையில் நோட்டுமாக இறங்கினார். நோட்டில் ஏற்கனவே கட்டம் போட்டு வைத்திருந்தார். படுக்கை. நகம். தண்ணீர். மணி.

"நகம் எதுக்கு அத்தை?"

"கை நகத்தை எல்லாரும் வெட்டி விடுவாங்க. வர்றவங்க கண்ணுல படும். கால் நகத்தைப் பாரு."

கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே குனிந்து பார்த்தார். நிமிர்ந்தவர் முகமே சரியில்லை. அறைக்குள் போனால் தண்ணீர்க் குவளை அழகான மேசையில் இருக்கிறது, மேசை சன்னலோரம் இருக்கிறது. "படுத்திருக்கிறவளுக்கு எப்படி எட்டும்? எழுந்து போய் எடுக்க முடிஞ்சா அவ எதுக்கு இங்க வர்றா?" என்றார், மேலாளரின் முகத்துக்கு நேராக.

நான் என் பங்குக்குக் கண்ணாடிகளைப் பார்த்தேன். கூடத்தில் கண்ணாடி போட்டவர்கள் பதின்மூன்று பேர். பத்துப் பேருடையதில் விரல் ரேகையும் எண்ணெயும் மண்டிக் கிடந்தன. அதன் வழியாக அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது தொலைக்காட்சியா மூடுபனியா தெரியாது. துடைத்துவிட ஒரு கைக்குட்டை போதும். யாருக்கும் தோன்றவில்லை.

திரும்பி வரும்போது நோட்டை வாங்கி நானும் ஒரு கட்டம் போட்டேன். கண்ணாடி. அத்தை அதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, தேறிட்ட" என்றார்.

மார்ச் 10, செவ்வாய்

அந்த மேலாளர் அன்று கேட்டது இன்னும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. "உங்க அம்மாவா?" ஆமாம் என்றேன். அத்தையும் திருத்தவில்லை.

இவர் மகன், என் வீட்டுக்காரர், போய்ச் சேர்ந்து ஆறு வருடம். "நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போறதுன்னா போம்மா" என்று அப்போதே அத்தை சொன்னார். நான் போகவில்லை. பெரிய தியாகம் என்றெல்லாம் எண்ணவேண்டாம். இவரோடு சண்டை போடாமல் எனக்குப் பொழுது போகாது. அதுதான் உண்மை. இப்போது நானே கொண்டுபோய் ஓர் இடத்தில் விட்டுவிட்டு வந்தால் — அவர் இருந்தால் என்ன சொல்லியிருப்பார்? விடவும் பயம், விடாமல் கடைக்குப் போகவும் பயம். மத்தியானம் மூன்று முறை வீட்டுக்குப் போன் போடுகிறேன். எடுக்க நான்கு மணியோசை ஆனால் கைப்பையைத் தேடத் தொடங்கிவிடுகிறேன்.

மார்ச் 15, ஞாயிறு

இரண்டாவது இடம். மஞ்சள் கேட் போட்ட வீடு. பூந்தொட்டி இல்லை, சோபா கிழிந்திருக்கிறது. மேலாளர் அம்மாவின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கிக் கிடந்தது. அதை நான் அங்கேயே திருகி இறுக்கிக் கொடுத்தேன். வேலைக்கு இருக்கிற பெண்களில் ஒருத்தி, சுருட்டை முடிக்காரி, குனிந்து ஒரு தாத்தாவின் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் வருவது அவளுக்குத் தெரியாது. கூடத்தில் கண்ணாடி ஒன்பது, அழுக்கு ஒன்று. அந்த ஒன்றும், துடைக்க விடமாட்டேன் என்று அடம்பிடிக்கிற ஒரு பாட்டியுடையது.

அத்தைக்குக் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் எரிச்சல். மெத்தையைத் தூக்கிப் பார்த்தார், கதவுக்குப் பின்னால் பார்த்தார். கடைசியில், "மணிதான் முக்கியம். அதை ஒரு வாரம் தங்கித்தான் பாக்கணும்" என்றார். ஒரு வாரம் தங்கிப் பார்க்க அங்கே ஏற்பாடு இருக்கிறது.

மார்ச் 16, திங்கள்

விட்டுவிட்டு வந்தேன். பையை அவரே அடுக்கினார், என்னைத் தொடவிடவில்லை. "ஒரு வாரம்தானே. மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க" என்றார். நான் எப்படியும் வைத்திருக்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

போர்வையை மடித்தேன். மூலை சேரவில்லை. திட்ட ஆள் இல்லை. அப்படியே வைத்துவிட்டேன்.

மார்ச் 19, வியாழன்

அத்தை போன் செய்தார். குரலில் ஒரு வெற்றி. "பதினாலு தடவ மணி அடிச்சேன். ஒரு தடவகூட யாரும் வரல. எல்லாம் நேரம் போட்டு எழுதி வச்சிருக்கேன்."

எனக்குத் தலை கொதித்தது. நகம் வெட்டி, கண்ணாடி துடைத்து, எல்லாம் கண்துடைப்பா? கால் நகத்தைப் பார்த்து நானும் மயங்கினேனே. இன்னொரு குளியலறைத் தரை, இன்னொரு மூன்றேகால் மணி நேரம் — நாளை கடைக்கு விடுப்பு. நேரில் போய் நாலு வார்த்தை கேட்காமல் விடப்போவதில்லை.

மார்ச் 20, வெள்ளி

நிதானமாக எழுதவேண்டும். முடிகிறதா பார்க்கிறேன்.

மேலாளர் அம்மாவின் மேசையில் அத்தையின் நோட்டை விரித்துப் போட்டேன். அவர் சண்டைக்கு வரவில்லை. மணி அடித்தால் எந்த அறை, எத்தனை மணி என்று அச்சாகிற ஒரு பெட்டி அங்கே இருக்கிறது. அதன் தாளை எடுத்து நோட்டின் பக்கத்தில் வைத்தார். பதினான்கும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நிறுத்திய நேரமும் இருந்தது. இரண்டு விநாடி. மூன்று விநாடி. இரண்டு விநாடி.

"நாங்க நாற்காலிய விட்டு எழுந்திரிக்கறதுக்குள்ள நின்னுடுதும்மா. கை தவறிப் பட்டுடுச்சுன்னு நெனச்சிட்டோம்" என்றாள் சுருட்டை முடிக்காரி.

நல்லாக் கதை விடறீங்க என்று வாய் வரை வந்துவிட்டது. எதிர்வீட்டு ஆசிரியை சொன்னதும் இதேதானே? அதைச் சொல்லாமல் விறுவிறுவென்று அத்தை அறைக்குப் போனேன்.

"எங்க, என் முன்னாடி ஒரு தடவ அடிங்க பாப்போம்."

கட்டில் தலைமாட்டில், சுவரில் ஒரு பலகை. பச்சைப் பொத்தான், அதற்கு ஒரு விரற்கடை கீழே சிவப்பு. பச்சையை அழுத்தினால் அறை வாசலுக்கு வெளியே மேலே விளக்கு எரியும், வேலைக்கு இருக்கிற பெண்கள் உட்காரும் இடத்தில் மணி அடிக்கும். உள்ளே வருகிறவர்கள் சிவப்பை அழுத்தி நிறுத்துவார்கள். கட்டிலில் இருப்பவருக்கு அந்த விளக்கு தெரியாது, மணியும் கேட்காது.

அத்தை பச்சையை அழுத்தினார். "இப்ப எண்ணு" என்று என் பக்கம் திரும்பினார். அவர் திரும்பும்போதே அந்தக் கை கீழே இறங்கி, சிவப்பைத் தொட்டுவிட்டு, மடியில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் பார்க்கவே இல்லை. "பாத்தியா? அஞ்சு, ஆறு… யாராவது வர்றாங்களா?"

வார்டுக் கதைகளை எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். கட்டிலருகே போனதும் முதல் வேலை மணியையும் விளக்கையும் அணைப்பதுதான். அப்புறம்தான் என்ன வேண்டும் என்று கேட்பது. அணைக்காவிட்டால் இன்னொருத்தியும் அதே கட்டிலுக்கு ஓடிவருவாள், வேறு ஒரு கட்டில் தவித்துக் கிடக்கும். புதிதாகச் சேரும் நர்ஸ்களுக்கு அவர் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே இதுதான். நாற்பது வருடம் மணிச்சத்தம் கேட்டு, கை தானாகப் போய் அணைத்திருக்கிறது. அந்தக் கைக்கு ஓய்வு பெற்றது தெரியவில்லை.

"அத்தை, இன்னொரு தடவ. இப்ப கையப் பாத்துக்கிட்டே அடிங்க."

அடித்தார். பார்த்தார். கை இறங்கியது, பாதியில் நின்றது. வெகுநேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் சுருட்டை முடிக்காரி ஓடி வந்து வாசலில் நின்றாள். இந்த முறை அணையவில்லையே.

"அப்பன்னா அன்னைக்கும்…" என்றார் அத்தை.

"விடுங்க அத்தை."

"தரையில கெடந்து யாரும் வரலயேன்னு அவ்வளவு நேரம்… நானேதான் நிறுத்தியிருக்கேன்." என் பக்கம் திரும்பி, "நீ அந்த டீச்சர்கூடப் பேசறதே இல்லையே" என்றார்.

இவர் அழுது நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. இன்று இரண்டாவது. நானும் அழுதேன், மூக்கை முந்தானையில் துடைத்தேன், அதற்குத் திட்டு வாங்கினேன்.

மேலாளர் அம்மா வந்து சொன்னது: "பதினாலு தடவ நின்னுடுச்சுன்னா, ஒரு தடவயாவது வந்து ஏன்னு பாத்திருக்கணும். அது எங்க தப்புதாம்மா." அத்தை நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'தப்பை ஒத்துக்கொள்கிறார்கள்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

மார்ச் 21, சனி

ஆசிரியை வீட்டுக் கதவைத் தட்டினேன். இரவெல்லாம் என்னென்னவோ தயார்செய்து வைத்திருந்தேன். "என் மேலதான் தப்பு" என்று மட்டும் சொன்னேன். "இந்த அஞ்சு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல" என்றார் அவர். டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை அதிகம். குடித்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

வாரம் முடிந்தது. இனிமேல் பயமில்லை, வீட்டு மணியில் நிறுத்துகிற பொத்தானையே எடுத்துவிடலாம், திரும்பி வந்துவிடுங்கள் என்று சொல்லத்தான் போனேன். பையைக்கூட நானே அடுக்கத் தொடங்கிவிட்டேன்.

அத்தை பையிலிருந்து துணிகளைத் திரும்ப எடுத்து அலமாரியில் வைத்தார். மூலை சேர்த்து.

"இங்கயே இருக்கேன்."

"ஏன்? நான் என்ன குறை வச்சேன்?" குரல் உயர்ந்துவிட்டது.

"ஒரு குறையும் வைக்கல. நான் நெனக்கறதுக்கு முன்னாடியே வந்து நிக்கற. அதான் கஷ்டம்." என்னைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். "பகல் பூரா கடையில நின்னுக்கிட்டு, காது மட்டும் வீட்டுல இருந்தா எப்படி? எனக்கும் இதுவரைக்கும் கூப்பிடத் தெரியல. கூப்பிட்டா ஓடத்தான் தெரியும். ஒரு ஆளக் கூப்பிட்டுட்டு வர்ற வரைக்கும் சும்மா இருக்கணும்ல, அதப் பழகணும். இந்த வயசுல ஒரு புது வேலை."

சிவப்புப் பொத்தானுக்கு மூடி போட்டுத் தருகிறோம் என்றார்களாம். வேண்டாம் என்றுவிட்டார். "அத மூடிட்டா உள்ள வர்ற பொண்ணு எப்படி அணைப்பா?"

பேருந்தில் தனியாக வந்தேன். கோபம்தான். பாதி வழியில் கோபம் போய், பிரிந்த வருத்தம் மட்டும் மிச்சமிருந்தது.

மார்ச் 31, செவ்வாய்

இன்று மத்தியானம் ஒரு முறைகூடப் போன் போடவில்லை. சாயங்காலம்தான் அது நினைவுக்கு வந்தது. குற்ற உணர்ச்சியில் உடனே போட்டேன். "நேரமில்ல, அப்புறம் பேசு. அடம்புடிக்கிற கெழவிக்குக் கண்ணாடி தொடைக்கணும்" என்று வைத்துவிட்டார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

காலையில் போனேன். அத்தை சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போது முதுகுத் தலையணை சரிந்தது. நான் எழுந்தேன்.

"உக்காரு."

உட்கார்ந்தேன். பச்சையை அழுத்தினார். அழுத்திய கையை உடனே என்னிடம் நீட்டினார். "பிடிச்சுக்க. விட்டுடாத. இன்னும் போவுது."

என் வலது கையால் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கைக்குள் அது ஒரு தடவை இழுத்தது, நான் இறுக்கினேன். அத்தை வாசலையே பார்த்தபடி உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். நானும் எண்ணினேன். தலையணை இன்னும் கொஞ்சம் சரிந்தது. இரண்டு பேரும் அதைத் தொடவில்லை.

சுருட்டை முடிக்காரி வந்தாள். முதலில் சிவப்பை அழுத்தினாள். அப்புறம், "என்ன வேணும்மா?" என்றாள்.

"தலகாணி சரிஞ்சிடுச்சு" என்றார் அத்தை. இருபத்தெட்டு வருடமாக அவரோடு இருக்கிறேன். யாரிடமும் அவர் ஒன்று கேட்டு நான் பார்த்ததில்லை.

அவள் சரிசெய்துவிட்டுப் போனாள்.

"இருபத்தாறு" என்றார் என்னிடம். "எழுதிக்க."

நோட்டு மடியிலேயே இருந்தது. வலது கையை அவர் விடவில்லை. இடது கையால் எழுதினேன். கோணலாகத்தான் வந்தது.