பதினொரு முறை வேலையை விட்டு நீக்கப்பட்டவருக்கு

அக்கா,

இன்று மத்தியானம் குழந்தைக்குப் பாலில் கலந்து கொடுக்கலாம் என்று பாதாம் பொட்டலத்தைப் பிரித்தேன். எண்ணெய் கெட்ட சிக்கு வாடை முகத்தில் அடித்தது. நான் சுதாரிப்பதற்குள் அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன், வாயைக் கழுவினேன், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து மறுபடியும் கழுவினேன். அழுதுகொண்டே தூங்கிவிட்டாள். மூச்சு சீராக வருகிறதா என்று நாலு தடவை குனிந்து பார்த்தாயிற்று.

ஒரே ஒரு பாதாமுக்கு இத்தனை பதறுகிற நான்தான், மூன்று வருடத்துக்கு முன்னால் அதே வாடையைப் பெட்டி பெட்டியாக ஊர்ப் பெரியவர்களுக்கு அனுப்பி வைத்தவர்களில் ஒருத்தி. மீதிப் பாதாமைக் குப்பையில் கொட்டிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. தாமதம்தான். எப்போது எழுதியிருந்தாலும் தாமதமாகத்தான் இருந்திருக்கும்.

மூக்கண்டப்பள்ளியில் தகரக் கூரை போட்ட அந்த ஷெட்டில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, என் கம்ப்யூட்டர் மேஜைக்கும் உங்கள் பேக்கிங் மேஜைக்கும் நடுவில் பத்தடிகூட இல்லை. அமெரிக்காவிலும் துபாயிலும் இருக்கிற பிள்ளைகள் நம் வெப்சைட்டில் பணம் கட்டுவார்கள். ஊரில் இருக்கிற அவர்கள் அப்பா அம்மாவுக்கு நாம் தீபாவளிப் பெட்டி அனுப்புவோம். முந்திரி, பாதாம், திராட்சை, ஒரு சின்னக் குத்துவிளக்கு, வாழ்த்து அட்டை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த தெற்கத்திக்காரிக்கு, கம்ப்யூட்டர் பட்டத்துக்கு ஏற்ற வேலை கிடைத்ததே என்று எனக்கு அப்போது பெருமைகூட இருந்தது.

ஆவணி பிறந்ததும் சீசன் வேலை தொடங்கிவிடும். "பேஜ் சும்மா ஜொலிக்கணும்மா, பாக்கறவனுக்கு எச்சி ஊறணும்" என்பார் முதலாளி சார். இருப்பதிலேயே நல்ல முந்திரியாகப் பொறுக்கி, எண்ணெய் தடவிப் போட்டோ எடுப்பேன். "இன்னும் மூன்றே பெட்டிகள்" என்று சிவப்பு எழுத்தில் மின்ன வைப்பேன். என் முதுகுக்குப் பின்னால் கூரை வரை பெட்டிகள் அடுக்கியிருக்கும். நீங்கள் எட்டிப் பார்த்து, "என்னாமா, மூணு பொட்டிதான் பாக்கின்னு போட்டுட்டியாமே? அப்ப நானு ஊட்டுக்குக் கெளம்பட்டா?" என்றீர்கள். ஷெட்டே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்தப் பக்கத்தில் ஒரு வரி மட்டும் உண்மையாக இருந்தது. "ஒவ்வொரு பெட்டியையும் எங்கள் பெண்கள் கையால் சோதித்து அனுப்புகிறார்கள்." அது உண்மையாக இருந்ததற்குக் காரணம் நீங்கள். எங்களோடு சேருவதற்கு முன்னால் ஏதோ ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவர். அங்கே தேறாத சாமானுக்குச் சிவப்புப் பெயிண்டில் புள்ளி வைப்பார்களாம். அந்தப் பழக்கத்தை விடாமல் இங்கேயும் ஒரு சின்னப் பெயிண்ட் டப்பாவும் குச்சியும் வைத்திருந்தீர்கள். முந்தின வருடம் விற்காமல், கோடை முழுக்கத் தகரத்துக்குக் கீழே வெந்து கிடந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, முகர்ந்து, தேறாததற்கெல்லாம் வலது மூலையில் புள்ளி வைத்தீர்கள்.

"தள்ளிப் போ கண்ணு, இந்த நாத்தம் ஒனக்கு ஆவாது" என்று என்னைத் துரத்துவீர்கள். எனக்கு அப்போது மூன்று மாதம். நான் வாயைப் பொத்திக்கொண்டு ஓடும்போதெல்லாம் உப்பு தொட்ட நெல்லிக்காயை மேஜைமேல் வைத்துவிட்டுப் போவீர்கள். வீட்டுக்காரருக்கு அடுத்தபடியாக, உண்டானதை நான் சொன்னது உங்களிடம்தான்.

ஆயுத பூஜை வந்தது. ஷெட்டைக் கழுவி, கம்ப்யூட்டருக்கு மாலை போட்டு, டேப் வெட்டுகிற கத்திக்குக்கூடச் சந்தனம் வைத்தோம். "சரக்குதாம்மா நமக்கு ஆயுதம். ஒரு பொட்டி விடாம பொட்டு வைங்க" என்றார் சார். பெண்கள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போனார்கள். எல்லாப் பெட்டிக்கும் வலது மூலையில் குங்குமம். உங்கள் சிவப்புப் புள்ளிகள் எல்லாம் அதற்கு அடியில் போய்விட்டன. தெரிந்துதான் அவர் அப்படிச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் மறுநாள் காலையில் அதை அவர் பிடித்துக்கொண்ட விதத்தைப் பார்த்தேன்.

நீங்கள் ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தீர்கள். குங்குமம் துணியோடு வந்துவிடும், பெயிண்ட் நிற்கும். கெட்ட பெட்டிகளைத் தனியாக எடுத்துவிடலாம் என்பது உங்கள் கணக்கு.

"ஏம்மா, சாமிக்கு வெச்ச பொட்ட அழிக்கறியா? தொழில் வெளங்குமா?" என்றார் சார்.

"சார், இதுல பாதி கெட்ட சரக்கு சார். வயசான சனங்க திங்கறது."

"எல்லாத்துக்கும் பூஜை போட்டாச்சு. ஜிகினாத் தாள சுத்தி எல்லாத்தயும் அனுப்பு."

மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். பொட்டை அழிப்பது நல்லதில்லை அக்கா, நல்ல நாளும் அதுவுமாக எதற்கு வம்பு என்று. நீங்கள் தலையை ஆட்டி, "பேடம்மா, பேடா, வேணாம், பாவம் சுத்திக்கும்" என்றீர்கள். கோபம் வந்தால் உங்களுக்குக் கன்னடம்தான் முன்னால் வரும். பிறகு என்னைப் பார்த்தீர்கள். படித்தவள் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா என்று. நான் சொன்ன வார்த்தை, "விட்டுருங்கக்கா."

கெட்டுப்போன முந்திரி ஜிகினாத் தாளில் எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? நான்தான் போட்டோ எடுத்தேன்.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் முதல் மெயில் வந்தது. கண் சரியாகத் தெரியாத தன் அப்பா ஒரு கைப்பிடி முந்திரியைத் தின்றுவிட்டாராம். அம்மா வந்து பெட்டியைப் பார்த்தால் புழு நெளிகிறதாம். ஒரு மகன் எழுதியிருந்தான். கோபத்தைவிட அதில் வெட்கம்தான் அதிகம் இருந்தது, தானே ஊட்டிவிட்டதுபோல. படித்துவிட்டு வெளியே ஓடி வாந்தி எடுத்தேன். நீங்கள்தான் முதுகைத் தடவிவிட்டீர்கள். மசக்கை என்று நினைத்துக்கொண்டீர்கள்.

திரும்பி வந்ததும் சார் பதில் எழுதச் சொன்னார். "பேக்கிங்ல ஒரு லேடி கவனக்கொறவா இருந்துட்டாங்க, அவங்கள வேலைய விட்டு எடுத்துட்டோம்னு போடு."

"யார சார் எடுத்துட்டீங்க?"

"எழுதும்மா. வெள்ளக்காரன் ஊர்ல இருக்கறவனுக்கு, ஆக்‌ஷன் எடுத்தாச்சுன்னா அடங்கிடுவான்."

எழுதினேன். நீங்கள் பத்தடி தள்ளி டேப் ஒட்டிக்கொண்டிருந்தீர்கள்; அந்தச் சரசர சத்தத்திலேயே எழுதினேன். என் ஆங்கிலம் நன்றாக இருக்கும் என்று கல்லூரியில் பெயர். அந்த மகன் அடங்கினான். நன்றி என்றுகூட எழுதினான். சாருக்குக் கடிதம் பிடித்துப்போனது. அடுத்தடுத்து வந்த புகார்களுக்கெல்லாம் பெயரை மட்டும் மாற்றி அதையே அனுப்பினேன். பதினொரு பேருக்கு. நீங்கள் மதியம் எனக்கு ரசம் ஊற்றிக் கொடுப்பீர்கள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உங்களை இன்னொரு முறை வேலையை விட்டு நீக்குவேன்.

தீபாவளி முடிந்த வாரம் உங்களை நிஜமாகவே நிறுத்தினார். புகார் குவிந்துவிட்டது என்று என் கடிதங்களின் பிரிண்ட்டுகளையே தூக்கிக் காட்டினார். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தீர்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது.

"என்னாமா எழுதியிருக்கு?"

பேப்பரைக் கையில் வாங்கினேன். வாசிப்பதுபோல் பார்த்தேன். "கஸ்டமர் திட்டியிருக்காங்கக்கா" என்றேன்.

"திட்டாம? நானா இருந்தா செருப்பாலயே அடிச்சிருப்பேன்" என்றீர்கள். பேப்பரை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, "ஒடம்ப பாத்துக்க கண்ணு" என்று போய்விட்டீர்கள்.

அதற்கப்புறம் எந்தக் கம்பெனியிலும் உங்களுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை கொடுக்கவில்லை, ஆள் எடுக்கிற கான்ட்ராக்டரிடம் சார் சொல்லி வைத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். ரோஜாத் தோட்டத்தில் மருந்து அடிக்கிற கூலிக்குப் போனீர்கள் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். குழந்தை பிறந்தது, நான் வேலையை விட்டேன். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை என்பதும் கேள்விதான். நான் பாகலூரில் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது.

உங்கள் மகள் இருந்தாள். பத்தாவது படிக்கிறாளாம். உங்களைப் போலவே நெற்றியைச் சுருக்கிப் பார்க்கிறாள். டீ போட்டுக் கொடுத்தாள். பிறகு ரேஷன் கார்டு வைத்திருந்த பையிலிருந்து அந்தப் பேப்பரை எடுத்தாள்.

"இத அம்மா பத்திரமா வெச்சிருந்தாங்க. கீழ ஒங்க பேரு இருக்குது."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"போன வருசந்தான் எனக்கு இந்த அளவு இங்கிலீஷ் படிக்க வந்துச்சு. படிச்சு சொல்லுன்னாங்க. கஸ்டமரு திட்டினதுதாம்மான்னு நானும் சொல்லிட்டேன்." பேப்பரின் மடிப்பை விரலால் நீவினாள். "அம்மாவுக்கு ஒங்கள ரொம்பப் புடிக்கும். அதான்."

பேப்பரை நான் கேட்டேன். "இது இங்கயே இருக்கட்டும்" என்று மடித்து உள்ளே வைத்துவிட்டாள். சரிதான். என்னை நம்பி எதைக் கொடுப்பாள்? என் பொய்யை இரண்டாம் முறை அந்தப் பெண் சொல்ல வேண்டி வந்திருக்கிறது, அதுவும் உங்கள் முகத்தைப் பார்த்து. என் மகள் வளர்ந்து என்னிடம் அப்படி ஒரு பொய் சொன்னால் எனக்குத் தெரியுமா என்று அவள் தூங்கும்போதெல்லாம் யோசிக்கிறேன்.

பேப்பர் இல்லாவிட்டால் என்ன, எனக்கு அது மனப்பாடம். அக்கா, நீங்கள் கேட்டீர்கள். இதுதான் எழுதியிருந்தது:

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் தந்தைக்கு நேர்ந்ததற்கு மிகவும் வருந்துகிறோம். எங்கள் பேக்கிங் பிரிவில் பணியாற்றிய ஒரு பெண்ணின் அலட்சியமே இதற்குக் காரணம். அவரைப் பலமுறை எச்சரித்தும் திருந்தவில்லை. அவரை இன்று வேலையிலிருந்து நீக்கிவிட்டோம். எங்கள் மற்றப் பெண்கள் நேர்மையானவர்கள்."

கீழே என் பெயர்.