அறுபத்திரண்டு பெயர்கள்

டார்வெல், அயோவா
6 ஜூலை 1998

அன்புள்ள ஆர்டித்,

நலம்தானே? ஒமாஹாவுக்குப் போனதும் என்னை மறந்துவிட்டாய். ஈஸ்டருக்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. எனக்கு முழங்கால் வலிதான், மற்றபடி நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

நம் ரயில் அருங்காட்சியகத்தில் எரிந்துபோன நிலையக் கட்டடத்தைத் திரும்பக் கட்டிவிட்டோம். செப்டம்பர் 12, சனிக்கிழமை மறுதிறப்பு விழா. விழாக் குழுவில் என்னையும் சேர்த்து ஏழு பேர். சாப்பாடு என் தலையில். பன்றிக்கறி சாண்ட்விச்சும் சோளமும் போதாதா என்றால், ஓய்வுபெற்ற என்ஜின் டிரைவர் கூப்பின், "ஆப்பிள் பை இல்லாம விழாவா? ஜனங்க அதுக்குத்தானே வராங்க!" என்கிறார்.

வாசலில் பித்தளைப் பலகை ஒன்று வைக்கிறோம். தொடக்கத்திலிருந்து உழைத்த தொண்டர்கள் எல்லார் பெயரும் அதில் வரும். நீ கட்டாயம் வரவேண்டும்.

உன்
வெர்னா

ஒமாஹா
15 ஜூலை 1998

அன்புள்ள வெர்னா,

உன் கடிதத்தை ராய்ஸுக்குப் படித்துக் காட்டினேன். "எல்லார் பேருமாம்மா?" என்று கேட்டான். இந்த இரண்டு வருஷத்தில் அந்த இடத்தைப் பற்றி அவனாக வாய் திறந்தது இதுதான் முதல் தடவை.

தீப்பிடித்த அன்று நிலையத்து அடுப்பை அணைக்காமல் பூட்டிவிட்டு வந்தவன் என் மகன்தான். மறுநாளே தானாகப் போய்ச் சொல்லவும் செய்தான். ஆனால் பதினான்கு வயதிலிருந்து பதினேழு வருஷம் அங்கே உழைத்தவனும் அவன்தானே? நிலையத்தோடு எரிந்துபோன அந்தப் பழைய ரயில் உணவுப் பெட்டிக்கு உன் வீட்டுக்காரர் எமிலோடு சேர்ந்து பலகை பலகையாகத் தரை போட்டவன். ஊரில் யாரும் முகம் கொடுக்காததால்தான் நாங்கள் வீட்டை விட்டு இங்கே வந்தோம்.

அவன் பெயரைப் போடச் சொல்லு வெர்னா. கடைசி மூலையில், சின்ன எழுத்தில் இருந்தாலும் போதும்.

அன்புடன்,
ஆர்டித்

டார்வெல்
10 ஆகஸ்ட் 1998

அன்புள்ள ஆர்டித்,

நேற்றுக் குழு கூடியது. கூப்பின் போடலாம் என்றார். லெனோர் எழுந்து, "கட்டினவங்க பேரையும் எரிச்சவன் பேரையும் ஒரே பலகையிலயா? நல்லா இருக்கே கதை!" என்றாள். கை தூக்கச் சொன்னார்கள். போடலாம் என்றவர்கள் மூன்று பேர், வேண்டாம் என்றவர்கள் நான்கு.

என்னைக் கோபித்துக்கொள்ளாதே.

வெர்னா

ஒமாஹா
18 ஆகஸ்ட் 1998

அன்புள்ள வெர்னா,

உன் மேல் என்ன கோபம்? மூன்று பேரில் நீ ஒருத்தி இருந்தாயே, அதுவே எனக்குப் பெரிது.

ராய்ஸிடம் இன்னும் சொல்லவில்லை. விழாவுக்கென்று லீவு வாங்கிவிட்டான், சட்டையும் எடுத்துவிட்டான். அவன் சட்டையைப் போட்டுக் காட்டும்போது எப்படிச் சொல்வது? கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

ஆர்டித்

டார்வெல்
14 செப்டம்பர் 1998

அன்புள்ள ஆர்டித்,

நீ சொல்லவில்லை. அவன் வந்தான்.

பேண்டு வாசித்தார்கள், ரிப்பன் வெட்டினார்கள். கூட்டம் சாப்பிடப் போனபிறகு ராய்ஸ் பலகைக்கு முன்னால் நின்று பெயர்களை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தான். அறுபத்திரண்டு பெயர். முடித்துவிட்டு மறுபடி மேலே இருந்து ஆரம்பித்தான். பிறகு என்னிடம் வந்து, "ஆன்ட்டி, வேற பலகை ஏதாவது இருக்கா?" என்றான்.

"இது ஒண்ணுதான்டா," என்றேன்.

தலையை ஆட்டினான். நேரே போய் நாற்காலிகளை மடக்கி அடுக்க ஆரம்பித்துவிட்டான். யாரும் அவனோடு பேசவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஐந்து மணிவரை வேலை செய்தான். போகும்போது ஆப்பிள் பை இரண்டு துண்டு கட்டிக் கொடுத்தேன்.

ஆர்டித், வேண்டாம் என்ற அந்த நாலாவது கை என்னுடையது. பதினொரு வருஷம் இழைத்த ரயில் பெட்டி எரிந்த பிறகு எமில் பட்டறைப் பக்கமே போகவில்லை. அடுத்த வசந்தத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். கூட்டத்தில் ராய்ஸ் பெயரைச் சொன்னதும் என் கை தானாக மேலே போயிற்று. கீழே இறக்கியிருக்கலாம். இறக்கவில்லை.

மன்னிக்க முடிந்தால் எழுது.

வெர்னா

ஒமாஹா
21 செப்டம்பர் 1998

வெர்னா,

ராய்ஸ் பத்திரமாக வந்து சேர்ந்தான். விழா எப்படி என்று கேட்டேன். "நல்லா நடந்துச்சும்மா. வெர்னா ஆன்ட்டி மட்டும்தான் பேசினாங்க. ஆப்பிள் பை கட்டிக் குடுத்தாங்க," என்றான். பலகையைப் பற்றி அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உன் கடிதத்தை அவன் கண்ணில் படுமுன் கிழித்துப் போட்டுவிட்டேன். அந்த ஊரில் அவனுக்கு ஒருத்தியாவது மிஞ்சட்டும்.

எனக்கு இனி எழுதாதே.

ஆர்டித் மோபர்க்