வெட்டிக் கொடுத்த கையெழுத்து

என்னங்க,

எனக்குப் பட வேலை கொடுத்த அந்த ஆள் என்ன சொன்னார் என்று சரியாக நினைவில்லை. "பின்னால இருக்கிற வெள்ளையை மட்டும் எடுத்துக் கொடுங்க லா அக்கா" என்றார் என்றுதான் நினைக்கிறேன். படத்தில் இருந்தது ஒரு டாக்டரின் கையெழுத்து. கணினியில் படங்களின் பின்னணியை நீக்கப் பழகிய புதிது. பிசிறில்லாமல் வந்த பூரிப்பில் எதற்கென்று கேட்கவில்லை. நீங்கள் கேட்டதற்குத்தான் நேற்று எரிந்து விழுந்தேன்.

இன்று அதே கையெழுத்தை ஒட்டிய, லீவுக்கான போலி எம்.சி., அதுதான் மருத்துவச் சான்று, ஒன்றை அவரே அனுப்பி, இன்னொரு டாக்டருடையதும் வேண்டும் என்றார். மறுத்தேன். "உங்க வீடு எனக்குத் தெரியுமே அக்கா" என்றார்.

ரசத்தை மட்டும் சூடு பண்ணுங்கள். யார் கூப்பிட்டாலும் கேட்டைத் திறக்காதீர்கள்.

ரமணி

பி.கு. நம் பிள்ளை மலர் பந்திங்கில், என் அக்கா வீட்டில் இருக்கிறாள். நான் மடிக்கணினியோடு போலீஸ் நிலையத்துக்குப் போகிறேன். வெட்டிக் கொடுத்தது நான்தான் என்பதையும் சொல்லிவிடுவேன்.