பெரிதாக்கினாலும் மங்காத உன் பெயர்

அன்புள்ள தேவமணிக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். போன வருஷம்தானே எழுதப் பழகினேன். கர்த்தர் கிருபையால் பெங்களூரில் சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா?

உன் ஊறுகாய் வலைத்தளத்துக்கு உன் பெயரை நானே எழுதி அனுப்பினேன் அல்லவா? நம் மகன் ஜாபேஸ் போனில், "பெரிசாக்கினா மங்கலாவுதுப்பா, அச்செழுத்து போட்டிருவோம்" என்றான். "என் எழுத்த எடுத்தியோ, பாத்துக்க லே!" என்று சொல்லிவிட்டேன்.

நான் காவல் பார்க்கும் ஆபீஸில் வலைத்தளம்தான் செய்கிறார்கள். அங்கே வேலை செய்யும் பாளையங்கோட்டைப் பிள்ளை டெபோராவிடம் உன் தளத்தைக் காட்டினேன். "இதுல போட்டிருக்கது போட்டோ தாத்தா, வெறும் புள்ளிதான். நான் எஸ்விஜிங்கிற கோட்டுப் படமா மாத்தித் தாரேன். கோடு எங்கன வளையுதுங்கிற கணக்குதான் அதுல இருக்கும். சுவரளவு இழுத்தாலும் மங்காது. உங்க ஊரு களக்காட்டுல சிக்னல் கொறஞ்சாலும் சட்டுனு வந்திரும்" என்றாள்.

அப்படியே செய்தாள். பெரிய திரையில் உன் பெயர் பளிச்சென்று நின்றது. என் கோணலும் பளிச்சென்றுதான் தெரிகிறது. தெரியட்டும்! உன் பெயரை வேறு எவனும் எழுத விடமாட்டேன் என்று ஜாபேஸிடம் சொல்.

இங்கே சோறு இறங்கவில்லை. நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் கொடுத்தனுப்பு. ஷிப்ட் மாறும் நேரமாகிவிட்டது. வருகிற வாரம் மீதியை எழுதுகிறேன். இதற்குப் பதிலாக நீ போன் செய்யாதே, எழுதிப் போடு. நான் வாசிக்க வேண்டும்.

உன்
சத்தியநேசன்