நெட்டையன் உட்கார இடம் கேட்ட கதை

அன்பு மகளுக்கு உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் சித்தியும், அவளுடைய தையல் மிஷினும், ஷூ டப்பாவில் கிடக்கிற நாயும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று எழுது, பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, சித்திக்குப் படித்துக் காட்ட வேண்டும். மற்ற சமாசாரத்துக்குப் போகும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே நடந்தது மொத்தமும் இப்படித்தான் நடக்கும் என்று நான் முதல் நாளே சொன்னேன். பஸ் டிப்போ வாசலில் வைத்து நாலு பேர் காதில் விழும்படி சொன்னேன். அந்த நாலு பேரும் இப்போது அப்படி எதுவும் கேட்கவில்லை என்று சாதிக்கிறார்கள். இந்த ஊர் ஜனங்களுக்குக் காது எதற்கு இருக்கிறது என்றால் மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொள்ள. நீ சித்தியிடம் போனில், யாரோ ராட்சசன் வந்து நம்ம தெருவையே நசுக்கப் பார்த்தானாமே, லீவு போட்டுட்டு வரட்டுமா என்று பதறினாயாம். வர வேண்டாம். ராட்சசனாவது மண்ணாங்கட்டியாவது, அதை நான் முடித்து வைத்துவிட்டேன். போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நான் கதையின் உச்சத்துக்கு வரும்போது நீ அங்கிருந்து அவ்வளவுதானா சித்தப்பா என்று கேட்டு என் மூச்சை இறக்கிவிடுவாய், சின்ன வயதிலிருந்து உனக்கு அதே பழக்கம். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார். முகம் பார்த்துப் பேசுகிற வசதியும் என் போனில் கெட்டுப்போய்விட்டது, ரிப்பேர்காரன் ஒரு உதவாக்கரை, அதனால் அதில் கூப்பிடாதே.

நம் குடும்பத்து விஷயம் உனக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் அங்கே போய் நாலு நாகரிகமான மனிதர்களோடு பழகி மறந்திருப்பாய். நம் ஆட்கள் எதையாவது பார்த்து, இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று உள்ளுக்குள் நிஜமாகவே நினைத்துவிட்டால் அது சுருங்கிவிடும். நடிப்புக்கு மசியாது, எளக்காரம் அடிவயிற்றிலிருந்து வர வேண்டும். என் அப்பா ஒருமுறை பாலத்தை மறித்து நின்ற லாரியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார், டிரைவர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். அது லாரி இல்லை, தள்ளுவண்டி என்று உன் சித்தி சொல்வாள், லாரிதான். நீ ஏழு வயதில், தெருவே நடுங்கிய அந்த நாயை, பென்சில் சீவிக்கொண்டே ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்தாய், இன்று வரை ஷூ டப்பாவில்தான் கிடக்கிறது, அதிலும் வலது ஷூவின் இடமே அதற்குத் தாராளம். உன் அப்பா அம்மா போன பிறகு நாங்கள் உன்னை வளர்த்தோம் என்று ஊர் சொல்கிறது, உண்மையில் உன் பார்வைக்குப் பயந்து நாங்கள்தான் ஒழுங்காக வளர்ந்தோம்.

இந்த நெட்டையன் வந்தபோது நெட்டையன் இல்லை. சலவைக்கடை மாடியறைக்கு வாடகைக்கு வந்தான், ஒரு கோட்டு, ஒரு பெட்டி, ஒரு செருமல், ஆள் என் தோளுக்குக்கூட வரவில்லை. அந்தக் கோட்டைப் பார்த்ததும் பேங்க் மேனேஜர் எழுந்து நின்று, ஐயா வாங்க என்று குனிந்தார். குனிந்தவர் நிமிரும்போது ஒரு விரற்கடை குறைந்திருந்தார், இவன் ஒரு விரற்கடை கூடியிருந்தான். எவ்வளவு ஆழமாகக் குனிகிறார்களோ அவ்வளவு அவனுக்கு வரவு. கணக்கு அவ்வளவுதான், ஆனால் நம் ஊரில் எவனுக்குப் புரிந்தது? தலைமை ஆசிரியர் குனிந்தார், நகரசபைத் தலைவி குனிந்தார், அவர்கள் குனிந்ததைப் பார்த்து நாம் விட்டுவிட்டோமோ என்று மற்றவர்கள் வரிசையில் நின்று குனிந்தார்கள். சித்தியின் கடையில் பேன்ட் காலை மடித்துத் தைக்கிற வேலை மலையாகக் குவிந்தது. துணி நீண்டுவிட்டது, புது சோப்புதான் காரணம் என்று ஆளுக்கு ஆள் விளக்கம் வேறு. சித்தி டேப்பைக் கழுத்தில் போட்டபடி, துணி நீளலீங்க, ஆளுதான் குறையுது என்று முகத்துக்கு நேரே சொன்னாள். அதை நான் அதற்கு முன்பே மனதில் நினைத்துவிட்டேன், சொல்லத்தான் நேரமில்லை. பஸ் டிரைவருக்குப் பிரேக்கில் கால் எட்டாமல் வண்டி போய் மணிக்கூண்டில் மோதியது. ஆஸ்பத்திரி நர்ஸ் ஸ்டூல் மேல் ஏறி குளுக்கோஸ் பாட்டிலை மாட்டப் போய் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அப்போதும் இந்த மகா புத்திசாலிகள், பஸ்ஸை ஏன் இவ்வளவு பெரிசாகச் செய்கிறான் என்று பஸ் கம்பெனியைத்தான் திட்டினார்கள்.

அவன் மணிக்கூண்டு உயரம் வந்ததும், கால் வலிக்கிறது, உட்கார வேண்டும் என்றான். உட்கார மூன்று தெரு வேண்டுமாம், ஞாயிற்றுக்கிழமை உட்காருவானாம். அந்த மூன்றில் நடுத்தெரு நம்முடையது. நம் வீடு, சித்தியின் கடை, பின்கட்டில் நான் வாடகைக்கு விடுகிற ஒலிபெருக்கிகள், நீ வளர வளர கதவு நிலையில் சித்தி போட்டு வைத்த பென்சில் கோடுகள், எல்லாம் அவன் அடியில் போக வேண்டியதுதான். ஊர் கொதித்தெழும் என்று நினைப்பாய். கொதிக்கவாவது! தலைவி, இது நமக்குக் கிடைத்த கௌரவம் என்றார். எதிர்வீட்டுப் பழைய தபால்காரர் மூட்டை கட்டிக்கொண்டே, நம்ம வீட்டு மேலதான் இடது பக்கம் வருமாம் என்று என்னிடம் பெருமையடித்தார், எதன் இடது பக்கம் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. சித்தியின் தம்பி, நம் ஆமாஞ்சாமி, வீட்டுத் தரகு செய்கிறவன் இருக்கிறானே, அவன் குனிந்து குனிந்து ஸ்கூட்டரில் ஏற முடியாத அளவுக்கு வந்தும், வீடு வீடாகப் போய், சீக்கிரம் காலி பண்ணுங்க, அவர் வர்ற நேரத்துல தரை சுத்தமா இருக்கணும் என்று விரட்டிக்கொண்டிருந்தான். மச்சான், உன் வீடு எந்தத் தெருவிலடா என்றேன். அது வேற தெரு மாமா என்றான். அதானே பார்த்தேன்.

அவனைச் சுருக்கிப் பார்க்க முதலில் சித்திதான் போனாள். அவள் நம் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் என்றாலும் என்னோடு இருந்து இருந்து எளக்காரம் நன்றாகக் கைவந்துவிட்டது. அவன் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று மேலும் கீழும் பார்த்தாள், பார்த்தவள் கோட்டில் மாட்டிக்கொண்டாள். ஆள் வளர வளரக் கோட்டும் வளர்கிறது, ஒரு ஒட்டு இல்லை, ஒரு பிரிசல் இல்லை, தோள்பட்டை எப்படி உட்கார்ந்திருக்குங்க என்று வீட்டுக்கு வந்தும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். தையல்காரிக்குத் தையலைப் பார்த்து மரியாதை வந்துவிட்டால் அப்புறம் எளக்காரம் எங்கிருந்து வரும்? அவளையறியாமல் தலை தாழ்ந்து அரை சாண் போய்விட்டது, மிஷினின் மிதிகட்டை எட்டாமல் அழுதாள். நானோ அதற்கு வெகு முன்பே ஒரு மதியம் சலவைக்கடை மாடிக்குப் போய் அவனை ஆழம் பார்த்துவிட்டு வந்தவன். அப்போது அவன் கதவு உயரம்தான். நாற்காலி போட்டான், டீ கொடுத்தான், நம் குடும்பக் கதை முழுதும் கேட்டான், நானும் பொழுது சாய்கிற வரை சொன்னேன். கிளம்பும்போது குனிவேன் என்று காத்திருந்திருப்பான். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படியிறங்கி வந்தேன். இந்த ஊரில் அவன் முன்னால் தாழாத ஒரே தலை இந்தத் தலை, ஒரு நூல் குறையவில்லை, எழுதி வைத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் மொத்தமும் டிப்போ முன்னால் கூடி, வாயில் ஈ போவது தெரியாமல் அண்ணாந்து நின்றது. நான் நம்மிடம் இருந்த எட்டு ஒலிபெருக்கியையும் டிப்போ கூரையில் கட்டி, மைக்கை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். சித்தி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். இந்தக் காலத்து ஏணிகளில் படியைத் தள்ளித் தள்ளி வைக்கிறார்கள், ஏறுவதற்குள் உயிர் போகிறது. மேலே போய், வாய்க்கு வந்தபடி கிழி கிழி என்று கிழித்தேன். ஒன்றும் ஆகவில்லை, அவன் இன்னும் ஒரு முழம் வளர்ந்தான். திட்டு வேறு, எளக்காரம் வேறு என்று அப்போதுதான் உறைத்தது, பயந்தவன்தானே அத்தனை திட்டுவான். அவன் சிரித்துக்கொண்டே, உட்காருவதற்கு முன் தன் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தான். கடலைக் குடித்தானாம். மலையில் முதுகு சொறிந்தானாம். அவன் உட்கார்ந்து எழுந்த ஊர்களெல்லாம் இன்று ஏரியாக இருக்கிறதாம். ஜனங்கள் ஆ என்றார்கள். நான் ஆ என்று சொல்லவில்லை மகளே. கதை விடுகிறவனை ஊரே நம்பலாம், இன்னொரு கதை விடுகிறவன் நம்புவானா? முதுகு சொறிந்த மலையை அடுத்த மூச்சிலேயே தலைக்கு வைத்துத் தூங்கினானாம், ஒட்டுப் போட்ட இடம் பல்லிளித்தது. கடலைக் குடித்தவனுக்கு அப்புறம் தாகம் எடுத்தது என்றான், உப்புக்கரித்தது என்று ஒரு வார்த்தை சேர்க்கத் தெரியவில்லை. இந்த அரைவேக்காட்டுக்கா இத்தனை ஆட்டம் என்று எனக்கு உள்ளுக்குள் கொட்டாவி வந்தது. மைக்கை வாயருகே பிடித்து, நீ பென்சில் சீவிக்கொண்டே, தலையைக்கூடத் தூக்காமல் கேட்பாயே, அதே குரலில் அவ்வளவுதானா என்று கேட்டேன். வார்த்தை உன்னுடையது, மறைக்க மாட்டேன், ஆனால் மைக் என்னுடையது.

எட்டுத் திசையிலும் அவ்வளவுதானா என்று கேட்டது. அவன் பேச்சு நடுவில் நின்றது. வேறென்ன சொல்லலாம் என்று யோசித்தான் பார், அந்த யோசனையில்தான் இறங்க ஆரம்பித்தான், சைக்கிள் ட்யூபில் காற்று இறங்குகிற மாதிரி. முதலில் பஸ் டிரைவர் சிரித்தார், சிரித்தவர் அந்த இடத்திலேயே ஒரு விரற்கடை உயர்ந்தார். அவ்வளவுதான், ஊரே விழுந்து விழுந்து சிரித்தது, அவரவர் உயரம் அவரவருக்குத் திரும்பியது. ஆள்தான் சுருங்கினான், கோட்டு சுருங்கவில்லை, மூன்று தெருவையும் மூடிக்கொண்டு விழுந்தது. சித்தி அதன் உட்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். ஒரு தையல் கிடையாது, அத்தனையும் குண்டூசியும் பசையும். த்தூ, இதுக்கா நான் அரை சாண் குறைஞ்சேன் என்றாள், சொல்லி முடிக்கும்போது பழைய உயரம் வந்துவிட்டது. கோட்டை வெட்டி பஸ் ஸ்டாண்டுக்கு நிழலாகக் கட்டியிருக்கிறார்கள். நெட்டையன் இப்போது ஷூ டப்பாவில் இடது ஷூ இடத்தில் இருக்கிறான், நாய் அவனைப் பார்த்து ஓயாமல் குரைக்கிறது, அதற்கும் குரைக்க ஒரு ஆள் வேண்டாமா. இனி இந்த ஊரின் லட்சணத்தைக் கேள். பேங்க் மேனேஜர் தான் குனியவே இல்லை, பேனா விழுந்தது, எடுத்தேன் என்கிறார். தலைவி, தானே பேசி அவனை அனுப்பி வைத்ததாகக் கூட்டம் போட்டுச் சொன்னார், அந்தக் கூட்டத்துக்கு மைக் என்னிடமே வாடகைக்கு எடுத்தார். ஆமாஞ்சாமி இப்போது தலைவியின் பின்னால் போகிறான். மடித்துத் தைத்த கால்களையெல்லாம் பிரித்து விடச் சொல்லி சித்தியின் கடையில் மறுபடியும் கூட்டம், வந்தவர்கள் ஒருவராவது ஏணியில் ஏறினது யார் என்று கேட்க வேண்டுமே, மூச்.

நீ அங்கே உன் மேலதிகாரி முன்னால் குனியாதே. அதற்காக நம் வீட்டுப் பார்வையையும் பார்த்து வைக்காதே, சுண்டெலி அளவு ஆகிவிட்டால் உன் லீவில் யார் கையெழுத்துப் போடுவது. முக்கியமாகக் கண்ணாடி முன் நிற்கும்போது அந்தக் கண்ணை இறக்கி வைத்துவிட்டு நில். வேலை சரியாக வராத நாளில் நீ உன்னையே எப்படிப் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு ஆகிற அதே கதி நமக்கும் ஆகும். நீ எங்கே நின்றாலும் முழு உயரத்தில் நிற்க வேண்டும், நூறு வயது இருக்க வேண்டும், எங்கள் ஆசி உனக்கு எப்போதும் உண்டு.

இதுவரை எழுதிச் சித்திக்குப் படித்துக் காட்டினேன். ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டுவிட்டு, எல்லாம் சரிங்க, அந்த ஒண்ண மட்டும் மாத்தி எழுதுங்க, புள்ள நேர்ல வந்து பாத்தா என்ன ஆவா என்றாள். சரி, எழுதுகிறேன். அந்த மதியம் நான் நிமிர்ந்து படியிறங்கினேன் என்பது என் கைச்சரக்கு. குனிந்தேன். தரை வரைக்கும் குனிந்தேன். கோட்டுக்காக இல்லை, டீக்காக இல்லை. அவன் முழுக்கதையும் கேட்டான் மகளே, நடுவில் எழுந்து போகாமல், கொட்டாவி விடாமல், நாய்க் கதையை இரண்டாம் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டான். இத்தனை வருஷத்தில் யார் கேட்டார்கள், நீயே சொல். ஊரெல்லாம் அவனைப் பார்த்துச் சிரித்து வளர்ந்துவிட்டது. நானும் அவன் கடலை நினைத்துச் சிரித்தேன், மலையை நினைத்துச் சிரித்தேன், கோட்டை நினைத்துச் சிரித்தேன், அந்த ஒரு மதியத்தை நினைத்து மட்டும் என்னால் சிரிக்க முடியவில்லை, அதனால் குறைந்த உயரம் திரும்பி வரவில்லை. போன் கெட்டுப்போகவில்லை. கதவு நிலையில் நின்று பார்த்தேன், உன் நாலாம் வகுப்புப் பென்சில் கோட்டுக்கு ஒரு விரல் கீழே இருக்கிறேன். வர வேண்டாம் என்று மேலே எழுதியதை அடித்துவிடு, லீவு கிடைத்தால் வா. எனக்குச் சட்டை வாங்குவதானால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அளவில் பார். ஒன்றே ஒன்றை மறந்துவிடாதே. கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்து, பழக்கதோஷத்தில், அவ்வளவுதானா சித்தப்பா என்று மட்டும் கேட்டுவிடாதே, மிச்சமிருப்பதும் போய்விடும்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா