எண்ணெயில் சேர்ந்த ஈரம்

சிசிமியுட்,
மார்ச் 9.

அன்புள்ள அப்பாவுக்கு, நிவி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகமாக இருக்கிறேன்.

பத்து நாளைக்கு முன் காரின் எண்ணெய் மூடியைத் திறந்தால், உள்ளே வெண்ணெய் போல வெள்ளைக் கசடு. என்ஜின் போய்விட்டதென்றே நினைத்தேன். கார் இல்லையென்றால், வீடு வீடாகப் போய் முதியவர்களுக்கு மருந்து கொடுக்கும் இந்த வேலையும் இல்லை. மெக்கானிக் மினிக் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ரேடியேட்டர் தண்ணி குறையல, என்ஜினுக்கு ஒண்ணும் ஆகல. இது குளிர்ல சேர்ற வெறும் ஈரம். வண்டி சூடாகறதுக்குள்ள நிறுத்திடற. தூரமா எங்கயும் போறதே இல்லையா நீ?"

"எங்க போறது? ஊர விட்டு வெளிய போக ரோடே கிடையாது, பத்து நிமிஷத்துல முடிஞ்சிடுதே."

"அப்ப திரும்பி வா, மறுபடி போ. ஒரு மணி நேரம் ஓடினா ஈரம் ஆவியாயிடும். அப்புறம் எண்ணெய மாத்தலாம்."

போன ஞாயிறு துறைமுகத்துக்கும் விமான நிலையத்துக்கும் இடையே ஓட்டிக்கொண்டே இருந்தேன். மூன்றாவது சுற்றில், நான் மருந்து கொடுக்கும் பீர்த்தா சாலையோரம் நின்று கைகாட்டினார். எண்பது வயது அவருக்கு.

"யாரத் தேடி இப்படி அலையற?"

விஷயத்தைச் சொன்னேன்.

"நல்லதாப் போச்சு. நானும் வீட்டுக்குள்ளயே ஊறிப்போய்க் கிடக்கேன்" என்று ஏறிக்கொண்டார்.

நான்கு சுற்று வந்தோம். இங்கே வந்த ஏழு மாதத்தில், ஒருவர் என் பெயரை அத்தனை முறை சொன்னது அன்றுதான்.

எண்ணெய் மாற்றியாயிற்று. யாராவது விமானத்தில் வந்தால் காய்ந்த மீன் கொடுத்தனுப்புங்கள், இரண்டு பேருக்குக் காணும்படி.

மாதம் ஒரு முறை ஓட்டினால் போதும் என்கிறார் மினிக். அதை நான் பீர்த்தாவிடம் சொல்லவில்லை. இன்று ஞாயிறு, மேல்கோட்டு போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். கிளம்புகிறேன் அப்பா.

நிவி